சர்க்கரை சேர்க்காத இனிப்பு

விருந்துக்குச் செல்வோர் வெறுங்கையுடன் செல்வது நம்மவர் வழக்கமன்று. ஊரில் இருந்தவரை ஒரு சீப்பு வாழைப்பழமோ அரைக் கிலோ லட்டோ போதும். அதை யார் உண்பார், எவ்வளவு உண்பார் என்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை. பெங்களூருக்குப் படிக்க வந்தபின் நிலைமை சற்று மாறிவிட்டது. இங்கே ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர் விருந்து தருகிறார். ஆய்வுக்கூட உதவியாளர் ஓய்வு பெறுகிறார். நம் பொங்கலும் கன்னட நண்பர்களின் சங்கராந்தியும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவது என்று ஏற்பாடு. அழைக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள்: "இனிப்பு உங்கள் பொறுப்பு. ஆனால் சர்க்கரை இல்லாததாக, லேசானதாக இருக்கட்டும்."

சொல்வது எளிது. கடைத்தெருவுக்குச் சென்றால்தான் தொல்லை புரியும். இந்த ஒரு வேண்டுகோளுக்குள் இரண்டு கட்டளைகள் ஒளிந்திருக்கின்றன. சர்க்கரை இல்லாதது வேறு, லேசானது வேறு. ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருக்கும் என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. விஞ்ஞானம் படிக்கும் நாம் இதைச் சற்று நிதானமாக ஆராய்வது நல்லது.

முதலில், விருந்துக்கு வருபவர்கள் யார்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னின்று நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு, 15.3 பேருக்கு நீரிழிவின் முன்நிலை. இருபது பேர் கூடும் அறையில் இரண்டு பேர் நோயாளிகள், மூன்று பேர் நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மாணவர்களாகிய நாம் இளையவர்கள். நம்மிடையே இந்த அளவு இராதுதான். ஆனால் விருந்துக்கு நாம் மட்டுமா வருகிறோம்? பேராசிரியர் வருகிறார், அலுவலகத்தார் வருகிறார்கள், ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். நோய் தமக்கிருப்பதையே அறியாதவர்களும் அவர்களுள் உண்டு. இந்தப் பண்டத்தில் சர்க்கரை இல்லை என்று நாம் சொன்னால், அவர்கள் நம்பி உண்பார்கள். ஆகவே நாம் சொல்லும் சொல் சரியாக இருக்கவேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு பிரிவுபசார விருந்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். மேசைமேல் ஓர் அழகிய இனிப்புப் பெட்டி. மூடியில் 'சர்க்கரை இல்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே பேரீச்சம்பழத்தை அரைத்து முந்திரி, பாதாமுடன் உருட்டிய துண்டுகள். பல ஆண்டுகளாக இனிப்பைத் தொடாத ஒரு பெரியவர் அன்று ஆசையாக ஐந்து துண்டுகள் உண்டார். அன்றிரவு வீட்டில் அளந்து பார்த்தபோது அவருடைய இரத்தச் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. பெட்டியிலிருந்த சொல்லை நம்பியதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. கணக்கைப் பாருங்கள். பேரீச்சையில் நூறு கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். துண்டு ஒன்றில் 15 கிராம் பேரீச்சை இருந்ததாக வைத்தாலும் ஐந்து துண்டில் 45 கிராம் சர்க்கரை. அதாவது ஒன்பது தேக்கரண்டி. வெள்ளைச் சர்க்கரையை எவரும் கொட்டவில்லை என்பது உண்மை. சர்க்கரை இருந்தது என்பதும் உண்மை.

சர்க்கரை என்று நாம் வழக்கில் சொல்வது சுக்ரோஸ் என்னும் ஒரே பொருளை. குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் கைகோத்து நின்றால் சுக்ரோஸ். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி இதே சுக்ரோஸ்தான். நிறத்தையும் மணத்தையும் சிறிது தாது உப்பையும் கூடவே கொண்டுவருகின்றன, அவ்வளவே. தேனில் அந்த இரண்டும் கைவிட்டுத் தனித்தனியாக நிற்கின்றன. கருப்பட்டி உடலுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் நீரிழிவு உள்ளவரிடம் கருப்பட்டி அல்வாவை நீட்டி, "இதில் சர்க்கரை இல்லை" என்று சொல்வது சரியன்று. சங்கராந்தியன்று பக்கத்து வீட்டு அம்மா தரும் எள்ளு, வெல்லம், கொப்பரை, கடலைக் கலவையும் அப்படித்தான். அது கணிசமான வெல்லம். ஆனால் ஒரு கரண்டிதான் தருகிறார்கள், அன்பாகத் தருகிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலிலும் சர்க்கரை உண்டு. அதன் பெயர் லாக்டோஸ். ஒரு லிட்டர் பாலில் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். அந்தப் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கோவாவாக்கினால் நீர்தான் ஆவியாகிறது. லாக்டோஸ் முழுவதும் பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. சர்க்கரையே போடாத பால்கோவாவும் இவ்வகையில் சர்க்கரை இல்லாததாகாது. இன்னொன்று மாவுச்சத்து. சேலத்து ஜவ்வரிசி ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்து. வயிற்றுக்குள் போனதும் அது குளுக்கோசாக உடைகிறது. செயற்கை இனிப்பைப் போட்டு ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சினால் நாக்குக்குச் சர்க்கரை இல்லை, இரத்தத்துக்கு உண்டு.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வகுத்த விதிகள் இங்கே நமக்குத் துணை செய்யும். நூறு கிராமில் சர்க்கரை அரைக் கிராமுக்கு மேற்படாமல் இருந்தால்தான் 'சர்க்கரை இல்லாதது' என்று அச்சிடலாம். திடப்பொருளில் 5 கிராமுக்குள் இருந்தால் 'சர்க்கரை குறைந்தது'. சர்க்கரையைத் தனியாகக் கலக்கவில்லை என்று சொல்வது மூன்றாவது வகை. விருந்து மேசைக்குச் சட்டம் வராது. ஆயினும் இந்த மூன்று சொற்களையும் நாம் வேறுபடுத்திப் பேசப் பழகிக்கொண்டால், அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

இனி 'லேசானது' என்ற சொல்லுக்கு வருவோம். மைசூர் அரண்மனைச் சமையற்கட்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் மைசூர்பாகையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கடலைமாவு 100 கிராம், சர்க்கரை 200 கிராம், நெய் 200 கிராம் என்று ஒரு கணக்கு. மாவு ஏறத்தாழ 380 கலோரி. சர்க்கரை கிராமுக்கு 4 வீதம் 800. நெய் கிராமுக்கு 9 வீதம் 1,800. ஆக, மொத்தம் சுமார் 2,980. இதில் சர்க்கரையை ஒரு மணிகூட விடாமல் நீக்கினாலும் 2,180 எஞ்சுகிறது; நாலில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவு. கனம் முழுவதும் நெய்யில் இருக்க, பழி முழுவதும் சர்க்கரைமேல் விழுகிறது!

அதுமட்டுமா? சர்க்கரையை எடுத்துவிட்டால் மைசூர்பாகு மைசூர்பாகாக நிற்குமா? நில்லாது. ஒரு பண்டத்தில் சர்க்கரை செய்யும் வேலை இனிப்பது ஒன்றுதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். பாகாகி, படிகமாகி, மாவையும் நெய்யையும் பிடித்து நிறுத்துவது சர்க்கரை. கேக்குக்கு மென்மையும் பழுப்பு நிறமும் தருவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டு, பண்டம் விரைவில் கெடாமல் காப்பதும் அதுவே. வீட்டிற்குத் தூண் எதுவோ, அதை நீக்கிவிட்டு வண்ணம் மட்டும் பூசினால் வீடு நிற்குமா?

செயற்கை இனிப்புகள் அப்படிப்பட்ட வண்ணப்பூச்சுதான். அவை கண்டுபிடிக்கப்பட்ட கதைகள் சுவையானவை. 1879இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த ஃபால்பெர்க் என்பவர் கைகழுவாமல் உணவுண்ண அமர்ந்தார், கையில் பட்டது இனித்தது, அது சாக்கரின். 1976இல் லண்டனில் குவீன் எலிசபெத் கல்லூரியில் நம் நாட்டவரான சசிகாந்த் பட்னிஸ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பேராசிரியர் ஹஃப் ஒரு சேர்மத்தை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார். பட்னிஸ் காதில் அது 'டேஸ்ட்' என்று விழுந்தது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே பிறந்தது சுக்ரலோஸ் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அது சர்க்கரையைப்போல் சுமார் 600 மடங்கு இனிப்பது. (நண்பர்களே, நம் ஆய்வுக்கூடங்களில் இந்த வழியைப் பின்பற்ற வேண்டா.)

அறுநூறு மடங்கு என்பதில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. 600 கிராம் சர்க்கரை இருந்த இடத்தில் ஒரு கிராம் தூள். மிச்ச இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? மால்டிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களைக்கொண்டு நிரப்புகிறார்கள். மதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயர் மட்டுமே அப்படி. இதில் கலோரி சர்க்கரையைவிடக் குறைவு, ஆனால் சுழியமன்று. கூடுதலாக உண்டால் வயிறு உப்பும், பேதியும் ஆகும். விருந்தில் நான்கு துண்டு உண்டவர் மறுநாள் வகுப்புக்கு வராமற்போனால் காரணத்தை நீங்கள் ஊகிக்கலாம். அஸ்பார்ட்டேமுக்கு இன்னொரு குறை: நெடுநேரம் கொதித்தால் சிதைந்து இனிப்பிழந்துவிடும், பாயசத்துக்கு உதவாது. 2023இல் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் செயற்கை இனிப்புகளை நாடவேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. ஆகவே அவை நஞ்சும் அல்ல, அமுதும் அல்ல. காப்பியில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். இருபது பேருக்குப் பொதுவாகச் செய்யும் பண்டத்தில் அவற்றைக் கலப்பதை நான் விரும்புவதில்லை.

அப்படியானால் என்ன கொண்டுபோவது? சர்க்கரை தூணாக நில்லாத பண்டத்தைத் தேடவேண்டும். என் தேர்வு இளநீரும் கடற்பாசியும்.

கடைகளில் 'கடல்பாசி' என்றும் 'சைனா கிராஸ்' என்றும் விற்கும் வெள்ளை இழைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுதான் அகர். சிலவகைச் சிவப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மன்னார் வளைகுடாவில், பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து இந்தப் பாசியைப் பறிக்கிறார்கள். உயிரியல் படிக்கும் நண்பர்களுக்கு அகர் புதிதன்று. நுண்ணுயிர்களுக்கு அவர்கள் தட்டில் விரிக்கும் படுக்கை அதுவே. ஆனால் அது சமையற்கட்டிலிருந்துதான் ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று என்பது பலருக்குத் தெரியாது. 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்ற ஆராய்ச்சியாளர் ஜெலட்டின் தட்டுகளில் நுண்ணுயிர்களை வளர்த்துவந்தார். கோடைக்காலத்தில் ஜெலட்டின் உருகி வழிந்தது. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, பழக்கூழும் இனிப்பும் உறைவதற்குத் தாம் பயன்படுத்திய அகரைச் சொல்லித் தந்தார். அதை அவர் ஜாவாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அறிந்திருந்தார். காக் என்னும் பெரும் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்துக்கு அந்த யோசனை சென்றது; இன்றுவரை உலகெங்கும் நிலைத்திருக்கிறது. அந்த அம்மையார் பெயர் நம் பாடநூல்களில் இன்னும் பெரிய எழுத்தில் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

விருந்துக்கும் இதே குணம்தான் வேண்டும். ஜெலட்டின் உடல் சூட்டுக்குக் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். மேலும் அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது, சைவ உணவினர் தொடமாட்டார்கள். அகர் 35 முதல் 40 பாகையில் உறைந்து, ஏறத்தாழ 85 பாகை வரை உருகாமல் நிற்கும். சித்திரை வெயிலில் மாநகரப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனாலும் குலையாது. பால் ஒவ்வாதவர்களும் உண்ணலாம். அகரிலிருந்து நமக்குக் கிட்டும் கலோரி சொற்பம்.

இருபது பேருக்கு அளவு சொல்கிறேன். இளநீர் 750 மில்லி. மூன்று காய் போதும், நான்கு வாங்கினால் நலம். மண்டியா மாவட்டத்து மத்தூரில் இதற்கென்றே பெரிய சந்தை நடப்பதால் பெங்களூரில் இளநீருக்குப் பஞ்சமில்லை. வண்டிக்காரரிடம் "வழுக்கை" என்றால் விழிப்பார். "கஞ்சி இருக்கிற காய்" என்று கேளுங்கள். கடற்பாசி இழை 10 கிராம். வெறும் தண்ணீர் 250 மில்லி. ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை. பாசியைக் கடையில்தான் வாங்கவேண்டும். ஆய்வுக்கூட அலமாரியில் இருப்பது உணவுக்கானதன்று.

இழைகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அதே தண்ணீரில் முழுவதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். இளநீரைக் கொதிக்கவிடக் கூடாது, மணம் போய்விடும். இரண்டையும் கலக்கும் இடத்தில் கொஞ்சம் பௌதிகம் தேவை. 95 பாகையிலுள்ள 250 மில்லியை, 25 பாகையிலுள்ள 750 மில்லியுடன் சேர்த்தால் கலவை ஏறக்குறைய 42 பாகைக்கு வந்துவிடும். உறையும் நிலைக்கு அது மிக நெருக்கம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இளநீரானால் 30 பாகைக்கும் கீழே போய், ஊற்றிய கணமே திரிதிரியாகக் கட்டிவிடும். ஆகவே இளநீர்ப் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கிவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தபின் கலக்குங்கள். வழுக்கையைச் சிறு துண்டுகளாக்கி, ஏலக்காய்த் தூளும் உப்பும் சேர்த்து, தட்டில் ஊற்றிவிட்டால் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். கத்தியால் இருபது துண்டு போடுங்கள். உப்பு எதற்கு என்று கேட்பவர்கள் அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் சுவைத்துப் பார்க்கட்டும். ஒரு சிட்டிகை உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும். மிகவும் குளிரவைத்தால் நாக்கு இனிப்பை உணர்வது குறையும். பரிமாறுவதற்குச் சற்றுமுன் வெளியே எடுத்துவையுங்கள். இளநீர் விரைவில் புளிப்பது. அன்று செய்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

இளநீரில் நூறு மில்லிக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 கிராம் வரை இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. நான்கு என்று வைத்தால் மொத்தம் 30 கிராம்; ஆளுக்கு ஒன்றரைக் கிராம். வழுக்கையையும் சேர்த்தால் ஒரு துண்டு இருபது கலோரிக்குள் அடங்கும். மேலே சொன்ன விதிப்படி இதைச் 'சர்க்கரை இல்லாதது' என்று சொல்லமுடியாது. 'சர்க்கரை குறைந்தது' என்று துணிந்து சொல்லலாம். 'சர்க்கரை சேர்க்காதது' என்பதும் மெய்யே. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை எண்ணி உண்பவர்கள். ஆதலால் இது இளநீரில் செய்தது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சமைக்க வசதியில்லாத விடுதி நண்பர்கள் பழம் கொண்டுபோகலாம். அதிலும் தேர்வு வேண்டும். கொய்யாவில் நூறு கிராமுக்குச் சர்க்கரை 9 கிராம் அளவு, நார்ச்சத்து 5 கிராம். திராட்சையில் சர்க்கரை 15 கிராம்வரை இருக்கும். பெங்களூர் நீலத் திராட்சை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதற்காக அது மாறிவிடாது. பழத்தைத் துண்டாகவே வையுங்கள். சாறு பிழிந்தால் நார் போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும்.

மேசையில் வைக்கும் முறை பற்றியும் ஒரு சொல். "ஐயா, இது உங்களுக்காகவே செய்தது, நீங்கள் இதைத்தான் சாப்பிடவேண்டும்" என்று பலர்முன் ஒருவரிடம் தட்டை நீட்டுவது எனக்கு உடன்பாடன்று. அவருடைய நோயை ஊருக்கு அறிவிப்பதாகும் அது. ஒரு சிறு தாளில் 'இளநீர், கடற்பாசி, ஏலம், உப்பு. சர்க்கரை சேர்க்கவில்லை' என்று எழுதித் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். தமிழில் மட்டுமின்றிக் கன்னடத்திலும் எழுதுங்கள். எனக்கு அடுத்த அறை நண்பர் எழுதித் தருகிறார். அவருக்கு இரண்டு துண்டு கூலி.

எல்லாப் பண்டத்தையும் சர்க்கரையற்றதாக ஆக்கிவிடலாமே என்று ஆர்வமிகுதியால் சிலர் சொல்வதுண்டு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், சிலவகை மாத்திரை உண்பவர்களுக்கும், விருந்து தாமதமானால் இரத்தச் சர்க்கரை 70க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். அப்போது நம் கடற்பாசித் துண்டு உதவாது. மைசூர்பாகும் உதவாது, நெய், சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். செயற்கை இனிப்பிட்ட பானத்தால் ஒரு பயனுமில்லை. மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம், சாதாரணச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தரவேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகையால் விருந்து ஏற்பாடு செய்யும் நண்பர்கள், காப்பிக்கென்று வைத்த சர்க்கரைப் புட்டியை மேசையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.